தூக்குமேடையும் தடையில்லாச் சான்றும்

அவருடைய பெயரை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் எழுத்து மூலம் கேட்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும், சாட்சிகளின் முகவரிச் சான்று வேண்டும். அந்தப் படிவத்தை அவருக்குத் தயாரித்துக் கொடுத்தவனே நான்தான். ஆகவே அதை நிரப்புவது எவ்வளவு அலுப்பான வேலை என்று எனக்குத் தெரியும். பெயர் இல்லாமலே எழுதிவிடுகிறேன்.

மராத்திக்காரர்கள் ஊரான ஆகுர்டியில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஆறு வருடம் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர். பக்கத்தில் போசரியில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஒல்லியான உடம்பு, அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி. அவர் குடிவருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். விடுப்பு விதி, நடத்தை விதி, உடைந்த நாற்காலியைக் கணக்கிலிருந்து கழிப்பதற்கான விதி எல்லாம் தலைக்குள் இருந்தன. கேட்கத்தான் ஆள் இல்லை.

முதல் முறை வீட்டுக்கு வந்தபோது என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைத் தூக்கினார், குடிக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து விளிம்புக்குக் கீழே பார்த்தார். நம் ஊர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருக்கும் அல்லவா, அந்தப் பெயரைப் படித்தார்.

"ரா. வேங்கடாசலம். இவரு யாருங்க சார்?"

"என் மாமனார்."

"அவருடைய டம்ளர்ல நான் காபி குடிக்கறது அவருக்குத் தெரியுங்களா?"

"அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆச்சு."

"அப்ப வாரிசுதாரருங்க?"

நான் சமையலறை வாசலைக் காட்டினேன். அவர் எழுந்து நின்றுகொண்டார். "அம்மா, உங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லீங்களே?"

"ஆறிடப் போகுது, குடிங்க" என்றாள் மனைவி.

"கூடப் பொறந்தவங்க இருக்கறாங்களா?"

"நாங்க அஞ்சு பேர்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த ஆறு வருடமும் எங்கள் வீட்டில் அவருக்குக் காகிதக் கோப்பையில்தான் காபி. அவர் போனதும் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஆஃபீஸ்ல முப்பத்துநாலு வருஷமா இவரைத்தான் தேடிட்டு இருந்தீங்க போல."

பொருளில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறதோ, பொருள் அவருடையது. இது ஒன்றுதான் அவருடைய கொள்கை. கல்யாணச் சாப்பாட்டில் தன் இலைக்கு முன்னால் வந்த கரண்டியில் வேறு குடும்பத்தின் பெயரைக் கண்டு, சாம்பாரை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பரிமாறியவனை விசாரித்தவர். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த வார இதழின் அட்டையில் ஒரு மருத்துவமனையின் முத்திரையைப் பார்த்து, இறங்கும் ஊரில் அந்த மருத்துவமனையைத் தேடிப் போனவர். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். சிறு வயதில் நடந்த ஏதாவது சோகக் கதை வரும் என்று நாற்காலியைக் கூட வசதியாக நகர்த்திக்கொண்டேன்.

"பேரு எழுதியிருக்குதுங்களே சார்" என்றார். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஆளுக்கு இருந்த ஒரே பைத்தியம் பழைய தமிழ் காமிக்ஸ். அதிலும் கௌபாய்க் கதைகள் மட்டும். தொப்பி, துப்பாக்கி, புழுதி, கள்ளிச்செடி. செவ்விந்தியர் தலைவர் சுத்தத் தமிழில் சபதம் செய்வார், ஷெரீப் "அடேய் கயவனே" என்பார். மேல்நாட்டுக் கதைகளை வாங்கி, மலிவுத் தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துப் பெட்டிக்கடைகளில் தொங்கவிட்ட காலத்துப் புத்தகங்கள். அவை பிம்ப்ரியிலும் போசரியிலும் பழைய பேப்பர் கடைகளில் கிடைக்கும் என்பதை நான் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலை வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தவை. பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அட்டைப்பெட்டியோடு எடைக்குப் போட்டார்கள்.

பிம்ப்ரிக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. தொப்பி வைத்த ஆள் அட்டையில் இருந்தால் இவருக்கு ஃபோன் செய்வார். "சாப், டோப்பிவாலா ஆயா ஹை." தொப்பிக்காரர் வந்திருக்கிறார் என்று அர்த்தம். இவர் ஷிஃப்ட் முடிந்ததும் இரண்டு பஸ் மாறி ஓடுவார். ஒருமுறை அந்தத் தொப்பிக்காரர் ஒரு விவசாயி. புத்தகம் தென்னைக்கு உரமிடுவது பற்றியது. அதையும் வாங்கி வந்தார், முதல் பக்கத்தில் ஒரு பெயர் இருந்தது என்பதற்காக.

சிக்கல் அங்கேதான். அந்தக் காலத்துப் பிள்ளைகள் யாரும் பெயர் எழுதாமல் புத்தகம் வைத்துக்கொண்டதில்லை. பெயர், வகுப்பு, பிரிவு, எடுத்தவனுக்கு என்ன ஆகும் என்ற சாபம், எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கும். மற்ற சேகரிப்பாளர்களுக்கு அது புத்தகத்தின் குறை. அவருக்கு அது உரிமைப் பத்திரம். கடைக்காரரிடம் வாங்கியது காகிதத்தை மட்டும்தான், கதை இன்னும் அந்தப் பிள்ளையுடையது என்பார். ஆகவே முதல் பக்கத்தைத் திறந்து பெயரைக் குறித்துக்கொள்வார். பிளாஸ்டிக் உறை போட்டு, பேப்பரில் சுற்றி, டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுவார். அந்தப் பிள்ளை, அதாவது இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனிதர், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் இரண்டாம் பக்கம்.

படிவத்தை நான் தயாரித்துக் கொடுத்தேன் என்று சொன்னேன் அல்லவா? வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கொண்டுவந்த மாதிரியில் பொருளின் விவரத்துக்குத் தனிப் பத்தியே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

பெயர்க்காரர்களைக் கண்டுபிடிக்க அவர் செய்ததெல்லாம் தனிக் கதை. தமிழ்ச் சங்கப் பெரியவர்கள், கோயில் விழாக் குழுக்கள், பழைய குவார்ட்டர்ஸ்காரர்கள் என்று விசாரித்து ஒரு நம்பர் பிடிப்பார். ஃபோனில் எடுத்த எடுப்பில், "ஏனுங்க, நீங்க அஞ்சாவது 'ஏ'ல படிச்சீங்களா?" என்பார். முக்கால்வாசிப் பேர் வைத்துவிடுவார்கள். ஒரு வங்கி அதிகாரி, "ஓடிபி சொல்ல மாட்டேன்" என்று நாலு முறை சொன்னார். புரிந்த பிறகு அதே அதிகாரி காரை எடுத்துக்கொண்டு வந்து, தன் கையெழுத்தைப் பார்த்து, "பேனாவே வேற இருந்துது அப்போ" என்று சொல்லி மூன்று பிரதியில் கையெழுத்துப் போட்டார்.

மறுபதிப்புகளில் அவருக்குத் தொல்லை இல்லை. புதுப் புத்தகம், பெயர் இருக்காது, கண்ணை மூடிக்கொண்டு படிக்கலாம். ஆனால் அவருக்கு வேண்டிய ஒரே கதை மறுபதிப்பில் முழுதாக வரவில்லை. இரண்டு பாகக் கதை அது. முதல் பாகத்தைப் பத்து வயதில் கோயம்புத்தூரில் ஒரு சலூனில் படித்திருக்கிறார். கடைசிப் பக்கத்தில் சாம்பல் குதிரைக்காரன் தூக்குமேடையில் நிற்கிறான், கழுத்தில் கயிறு, குதிரை தூரத்தில் கட்டியிருக்கிறது, தொடரும். அடுத்த மாதம் அந்த சலூனுக்கு அடுத்த இதழ் வரவில்லை. பிற்காலத்தில் முதல் பாகம் மட்டும் இரண்டு முறை மறுபதிப்பாக வந்தது, ஒருமுறை பெரிய அளவில், வண்ணத்தில். இரண்டாம் பாகம் 'விரைவில்'. அந்த விரைவில் வருடக்கணக்காக விரைந்துகொண்டே இருந்தது. குதிரைக்காரன் மூன்று பதிப்புகளிலும் மேடையை விட்டு இறங்கவில்லை.

அவர் ஊரைவிட்டுப் போவதற்கு மூன்று மாதம் முன்பு பிம்ப்ரிக் கடைக்காரரின் ஃபோன் வந்தது. இந்த முறை தொப்பிக்காரர் சரியான தொப்பிக்காரர். இரண்டாம் பாகம்.

என் வீட்டில் வைத்துத்தான் முதல் பக்கத்தைத் திறந்தார். நீல மையில், 'இப்புத்தகம் கே. மனோகரனுடையது. 6-பி. எடுப்பவர் கை அழுகும்.' அதற்குக் கீழே பச்சை மையில், 'கே. வசந்தி. 8-ஏ. முதலில் என்னுடையது.'

"ரெண்டு பேருங்க சார்" என்றார்.

நான் சொன்னேன்: "இதோ பாருங்க. அடுத்த பக்கத்தைத் திருப்புங்க. கதவைச் சாத்திக்கறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமுங்களே."

அவருடைய தொழிற்சாலை அந்த மாதம்தான் வேறு மாநிலத்துக்குப் போவதாக அறிவித்திருந்தது. அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்ப முடிவு செய்துவிட்டார். உரிமை தீராத பொருளைக் கூடவே எடுத்துப் போக மாட்டார். சான்று வராவிட்டால் புத்தகத்தை என் பீரோவில் வைத்துவிட்டுத்தான் போவார், படிக்காமல். லாரி வரும் தேதி நிச்சயமாகிவிட்டது.

அறிவிப்பை நானே எழுதினேன். 'கே. மனோகரன், ஆறாம் வகுப்பு பி பிரிவு, எங்கிருந்தாலும் கீழ்க்கண்ட முகவரியில் தொடர்பு கொள்ளவும்.' ஆகுர்டிக் கோயில் பலகையில் ஒட்டிய மூன்றாம் வாரம் ஓர் ஆள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்.

"என்ன சார், ஆறாவது மார்க்‌ஷீட்ல ஏதாச்சும் கட்பட்டா, குளறுபடியா? எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மெண்ட். இப்ப போய்க் கிளப்பறீங்களே!"

பென்ஷனுக்கு முந்தைய வருடத்தில் எந்த மனிதனும் எதற்கும் பயப்படலாம், அது நியாயம். காமிக்ஸ் விஷயம் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கை வர்ணிக்க முடியாது. பேனாவை எடுத்துக்கொண்டார். படிவத்தில் இரண்டாவது பெயரைப் பார்த்ததும் மூடிவிட்டார்.

"அவ பேரு இருக்கற பேப்பர்ல நான் போட மாட்டேன்."

வசந்தி அவருடைய அக்கா. நாலு கிலோமீட்டரில் சிஞ்ச்வடில் இருந்தார். பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை. மனோகரன் தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் வசந்தியின் கணவர் பெயரை விட்டுவிட்டார். அச்சகத்தில் விட்டுப்போனது என்பது தம்பி கட்சி. அச்சகத்துக்குக் கொடுத்த தாளிலேயே இல்லை என்பது அக்கா கட்சி. அந்தம்மாவும் ஃபோனில் கையெழுத்துக்கு மறுத்துவிட்டார்: "அவன் பேருக்குக் கீழ என் பேரா? காய் போல்தாய் தும்ஹி, என்ன பேசறீங்க! புக்கே என்னுது சார்."

லாரி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலை இருவரையும் என் வீட்டுக்கு வரவழைத்தேன். ஒருவருக்கு மற்றவர் வருவதைச் சொல்லவில்லை. இது விதிப்படி தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

இருவரும் உணவு மேசையின் இரண்டு முனையில் உட்கார்ந்து என் மனைவியிடம் மட்டும் பேசினார்கள். நடுவில் சுற்றிய பேப்பரோடு புத்தகம். நான் விசாரணையை ஆரம்பித்தேன். காணாமல் போன பொருளுக்கு உரிமை கோருபவர் பொருளைப் பார்க்காமல் அதன் விவரத்தைச் சொல்ல வேண்டும். ரயில்வேயிலும் காவல் நிலையத்திலும் இதுதான் நடைமுறை. "ஆகவே இருவரும் கதையின் முடிவைச் சொல்லுங்கள்" என்றேன். உள்நோக்கம் இருந்தது. சான்று வருகிறதோ இல்லையோ, அவர் காதில் முடிவு விழுந்துவிடும்.

அவர் எழுந்துவிட்டார். "சார், நான் வெளிய நிக்கறனுங்க."

"எதுக்கு? உட்காருங்க."

"சான்று இன்னும் வரலீங்களே. கேக்கறதும் படிக்கற மாதிரிதானுங்க."

பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே ஜூலை மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு காதிலும் விரலை விட்டபடி நின்றார்.

"கடைசில குதிரை ஓடி வந்து கயித்தைக் கடிச்சிடும்" என்றார் மனோகரன் என் மனைவியைப் பார்த்து.

"அரே, ஜூட் மத் போல்" என்றார் வசந்தி. பொய் சொல்லாதே என்பதுதான் பதினொரு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "குதிரையா? அந்தப் பொண்ணு தூரத்துலேர்ந்து சுடுவா. கயிறு அறுந்துடும்."

"அந்தக் கதையில பொண்ணே கிடையாது."

"ஏன் இல்ல? டீக்கடை வெச்சிருப்பாளே."

"அது சாராயக்கடை."

"அப்பா கேட்டா டீக்கடைன்னுதானே சொல்வோம்!"

"அப்பாகிட்ட நீ ஒண்ணும் சொல்லல. புக்கைப் பறிச்சு அரிசி டின்ல ஒளிச்ச."

"ஒளிக்கலன்னா நீ ஸ்கூல்ல வித்திருப்ப. சார், பிரிங்க அதை. இவன் மூஞ்சியில காட்டுங்க."

பிரித்தேன். தாள்கள் தேநீர் நிறமாகிவிட்டிருந்தன. வசந்தி என் கையிலிருந்து வாங்கிக் கடைசிப் பக்கத்துக்குப் போனார், நிறுத்தினார். பக்கத்தின் கீழ்ப் பாதியில் படம் இல்லை. கத்திரிக்கோலால் நேர்த்தியாக வெட்டிய செவ்வக ஓட்டை. அதன் வழியாக எங்கள் மேசைவிரிப்பின் பூ தெரிந்தது. தாளைத் திருப்பினார். மறுபக்கம் ஒரு போட்டி விளம்பரம். 'கூப்பனை வெட்டி அனுப்புங்கள், சைக்கிள் வெல்லுங்கள்.'

மனோகரன் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"அம்மாவோட தையல் கத்தரி" என்றார் வசந்தி மெதுவாக.

"நீ பிடிச்சுக்கிட்ட, நான் வெட்டினேன்" என்றார் மனோகரன்.

"குவார்ட்டர்ஸ் கேட்ல நின்னோமே, சைக்கிள் வரும்னு. எட்டு நாள்."

"பத்து நாள். போஸ்ட்மேனுக்கு சர்பத் போட்டுக் குடுத்தோமே அக்கா."

"அவன் தினமும் குடிச்சான்டா, பாவி!"

அந்தம்மா சிரிக்க ஆரம்பித்தார். மனோகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். என் மனைவி இருவரின் டம்ளரிலும் மறுபடி காபி ஊற்றினாள். படிவத்தை நகர்த்தினேன். யார் பெயர் முதலில் என்ற கேள்வி எழும் முன், பணிமூப்புப்படி, அதாவது பிறந்த தேதிப்படி, என்று அறிவித்தேன். மூன்று பிரதியிலும் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கண்ணாடிக் கதவைத் தட்டினேன். அவருக்குக் கேட்கவில்லை. கதவைத் திறந்து தோளைத் தொட்டேன். தொப்பலாக நனைந்திருந்தார். முதலில் சான்றைத் தொடாமல் மூன்று முறை படித்தார். கையைத் துண்டில் துடைத்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

ஓட்டையைப் பற்றி நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எப்படிச் சொல்வது? உதிரிபாகம் பரிசோதிப்பவர் மாதிரி ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்து, உதட்டை அசைத்துப் படித்தார். ஷெரீப் பேசும் இடங்களில் புருவம் ஏறியது. ஒரு மணி நேரம் ஆனது. அக்காவும் தம்பியும் அசையாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பத்து வயதில்கூட இந்த மாதிரிப் புத்தகத்தைத் தொட்டவன் இல்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

கடைசிப் பக்கம் வந்தது. விரல் முதல் கட்டத்தில் போனது, இரண்டாவதில் போனது, ஓட்டைக்குள் விழுந்தது. அப்படியே வைத்திருந்தார்.

"ஏனுங்க, இது?"

வசந்தி சொன்னார். சைக்கிள், கத்தரி, போஸ்ட்மேன், எல்லாம். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"முடிவு எனக்கு ஞாபகம் இருக்கு சார், நான் சொல்றேன்" என்றார் மனோகரன். "குதிரை வந்து..."

"பொண்ணு" என்றார் வசந்தி.

அவர் கையைத் தூக்கி இருவரையும் நிறுத்தினார். "வேண்டாங்க. வெட்டுன துண்டு இந்தப் புத்தகத்துல இல்லீங்களே. இந்தச் சான்றுல அது சேராதுங்க." ஓட்டையைச் சுற்றி விரலால் ஒரு கோடு போட்டுப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்:

"அந்தக் கூப்பன்ல யாரு பேரை எழுதி அனுப்புனீங்க?"

"என் பேர்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

பிறகு நடந்ததில் எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதி மராத்தி. அரிசி டின் வந்தது, கல்யாணப் பத்திரிகை வந்தது, அச்சகம் வந்தது. என் மனைவி டம்ளர்களை அப்புறப்படுத்தினாள். பால்கனியிலிருந்து பார்த்தபோது அக்காவும் தம்பியும் கீழே ஒரே ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். இருவரின் கையும் ஆட்டோவுக்கு வெளியே ஆடிக்கொண்டே போனது. இன்றுவரை வாரம் ஒருமுறை சந்தித்து அந்தச் சண்டையைத் தொடர்வதாகக் கேள்வி.

அவர் ஞாயிற்றுக்கிழமை லாரியில் போனார், புத்தகம் மடியில், சான்று சட்டைப்பையில். போன ஒரு மாதத்தில் அவரிடமிருந்து கடிதம் வந்தது. போட்டி நடத்திய பிஸ்கட் கம்பெனி எப்போதோ மூடிவிட்டதாம். மூடிய கம்பெனியின் தபால் பை யார் பொறுப்பில் இருக்கும், எந்தப் படிவத்தில் கேட்க வேண்டும் என்று விசாரித்திருந்தார். இரண்டு பக்கத்தில் பதில் எழுதினேன். அப்படி ஒரு படிவம் கிடையாது. ஒன்று தயாரித்து இணைத்திருந்தேன்.

இதெல்லாம் நடந்து எட்டு வருடம் ஆகிறது. இப்போது இங்கே மெட்ரோ ஓடுகிறது, பிம்ப்ரிக் கடைக்காரர் கடையை மகனிடம் விட்டுவிட்டார். இரண்டாம் பாகம் இன்னும் 'விரைவில்'. நான் காமிக்ஸ் சேகரிப்பாளர்களின் மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். ஏன் என்று மனைவி கேட்டாள், பொழுதுபோக்கு என்றேன்.

போன மாதம் சென்னைக்காரர் ஒருவர் ஒரு படம் போட்டார். தாளின் நிறம், மேலே இருந்த இரண்டு கட்டங்கள், அதே கடைசிப் பக்கம். கீழே ஓட்டை இல்லை. சட்டென்று கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு எதுவும் கலங்கல்தான். ஓரத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது மட்டும் கோடாகத் தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டு ஃபோனைக் கையில் கொடுத்தேன்.

"ஓரத்துல இருக்கறதை மட்டும் படி. படத்தைப் பார்க்காதே."

"சு. பூங்கொடி, 5-ஏ" என்று படித்தாள். ஃபோனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், சிரித்தாள்.

"பார்த்தாச்சு. சொல்லட்டுமா?"

"இரு" என்றேன். "முதல்ல இந்தப் பூங்கொடி எங்கே இருக்கான்னு பார்ப்போம்."